பட்டி பூசினால் துரு போய்விடுமா?

நேற்று காரைக் கழுவும்போது பின்சக்கரத்துக்கு மேலே பெயிண்ட் கொஞ்சம் பொரிந்திருந்ததைப் பார்த்தேன். கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன். அப்பளம் மாதிரி நொறுங்கி விரல் உள்ளே போய்விட்டது. உள்ளே என்ன தெரியுமா? சுருட்டித் திணித்த பழைய நியூஸ்பேப்பர்! ஈரத்தில் ஊறிப்போயும் ‘மனை விற்பனைக்கு’ என்ற விளம்பரம் மட்டும் தெளிவாகத் தெரிகிறது. அதன்மேல் விரல் கனத்துக்குப் பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை), அதன்மேல் பளபளவென்று பெயிண்ட். ஒன்பது மாதம் முன்னால் இதற்குத்தான் ஒரு டிங்கர் கடையில் (கார் தகடு வேலை பார்க்கும் கடை) 11,000 ரூபாய் எண்ணிக் கொடுத்தேன்.

“துருவை வெட்டி எடுத்துட்டு புதுத் தகடு வெச்சு வெல்டிங் பண்ணிடறோம் சார்” என்று சொன்ன அந்தக் கடைக்காரரின் அதே வாய், இப்போது “பழைய வண்டி, கடல் காத்து, அப்படித்தான் இருக்கும்” என்கிறது. தூத்துக்குடியில் கேட் கீலே நிற்காது என்பது எனக்குத் தெரியாதா? அதனால்தானே வெட்டச் சொன்னேன்!

கார் தகடு ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி, தகடு நெளியாமல் புள்ளி புள்ளியாக வெல்டிங் வைத்து, உள்பக்கமும் பிரைமர் அடிக்க வேண்டும். நேரம் பிடிக்கும் வேலைதான், அதற்குத்தானே காசு? துரு மேலேயே அப்பிய பட்டி ஒட்டவும் ஒட்டாது. ஈரத்தை உறிஞ்சி உள்ளேயே வைத்துக்கொண்டு மிச்ச இரும்பையும் தின்னும்.

இரும்பில் ஒட்டும் காந்தம் கனமான பட்டியில் ஒட்டாதே! ஃப்ரிட்ஜில் இருந்த பிள்ளையார் காந்தத்தை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தேன். டிரைவர் கதவின் அடியில் வைத்தேன், பொத்தென்று விழுந்தார். முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் இடது ஃபெண்டரிலும் விழுந்தார்.

சரி, கதவு விஷயத்தில் என் தப்பும் உண்டு. வேப்பமரத்தடியில் நிறுத்தி, கதவுக்கு அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டைகளெல்லாம் இலையும் மண்ணும் அடைத்துக் கிடந்திருக்கின்றன. ஆனால் கதவைக் கழற்றியவர்கள் அதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! இன்சூரன்ஸும் கைகொடுக்காது. துரு அவர்களுக்குத் தேய்மானக் கணக்கு.

இன்று வேறொரு டிங்கர் கடைக்குப் போனேன். “பட்டின்னா 3,000, வெட்டி வெச்சா 9,000. எது சார்?” என்று நேராகவே கேட்டார். “வெட்டுங்க. ஆனா வேலை முடியற வரைக்கும் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்காருவேன்” என்றேன்.

“தாராளமா உட்காருங்க. வெல்டிங்கை மட்டும் வெறுங்கண்ணால பார்க்காதீங்க” என்றார். வியாழக்கிழமை லீவு போட்டிருக்கிறேன்.