எல்லா ஜீப்புக்கும் சேருமாம்!

இன்று நான்காவது பெட்டியையும் உடைத்தேன். நான்காவதும் சேரவில்லை.

குலசேகரத்துப் பட்டறையில் முன்சக்கரங்கள் இரண்டும் கழற்றப்பட்டு, ஜாக்கியின் மேல் பதினோராவது நாளாக நிற்கிறது வண்டி. வேண்டியது ஒரே ஒரு டை ராடு எண்டு. முன்சக்கரங்கள் இரண்டையும் சேர்ந்து திரும்ப வைக்கிற குழாய்தான் டை ராடு, அதன் முனையில் பூட்டுகிற மூட்டுதான் எண்டு. உள்ளங்கையில் அடங்குகிற சாமான். அதற்காக நாகர்கோவிலுக்கு நான்கு முறை பஸ்ஸில் போய் வந்துவிட்டேன். போக ஏறக்குறைய 30 கிலோமீட்டர், வர 30 கிலோமீட்டர். ஜீப் வைத்திருப்பவர்களுக்கு நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் அந்தக் கடை வாசலில் நின்றிருப்பீர்கள். அந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பீர்கள்.

"எல்லா ஜீப்புக்கும் சேரும்."

எந்த ஜீப்புக்கு? 1940-களின் கடைசியில் மகேந்திரா நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. அன்று முதல் இந்த நாட்டில் ஓடிய ஜீப்புகள் எல்லாம் ஒரே வார்ப்பில் ஊற்றியவையா? சிஜே 3பி ஒன்று, எம்எம் 540 ஒன்று, கமாண்டர் ஒன்று. 2020-இல் வந்த தார் வண்டியின் முன்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்குபவை. என் வண்டியின் முன்பக்கமோ இரண்டு சக்கரத்தையும் சேர்க்கிற ஒரே இரும்பு ஹவுசிங், அடியில் பட்டை ஸ்பிரிங். இரண்டையும் ஒரே அலமாரியில் அடுக்கி, ஒரே பெயரைச் சொல்லி விற்கிறார்கள்.

என் வண்டி ராணுவ ஏலத்தில் அப்பா எடுத்தது. அதன் ஆக்சில் ஒரு காலத்தது, ஸ்டியரிங் பாக்ஸ் இன்னொரு காலத்தது. அதை நான் மறைக்கவில்லை. பழைய எண்டைக் கழற்றி, கிரீஸ் துடைத்து, துணியில் சுற்றிக் கையோடு கொண்டுபோனேன். மாதிரியைக் கண்ணாடி மேசை மேல் வைத்து "இதே அளவு வேண்டும்" என்று கேட்டவனுக்கு இதற்கு மேல் என்ன பொறுப்பு இருக்கிறது?

கடைக்காரர் துணியைக்கூடப் பிரிக்கவில்லை. உள்ளே திரும்பி ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். ஒருபக்கம் கண்ணாடித்தாள் ஒட்டிய பெட்டி. நானே துணியைப் பிரித்து, பழையதை அதன் பக்கத்தில் வைத்தேன்.

"வெர்னியர் இருக்கிறதா, தம்பி? ஒருமுறை அளந்துவிடலாம்."

"அளக்க என்ன இருக்கிறது, அண்ணே? நீளம் கண்ணுக்கே தெரிகிறதே. எல்லா ஜீப்புக்கும் சேரும்."

நீளமா முக்கியம்? ஸ்டியரிங் சாமானில் நீளத்தை மட்டும் பார்த்து விற்பவர், கண்ணாடிக் கடையில் சட்டத்தின் நிறத்தைப் பார்த்து மூக்குக்கண்ணாடி விற்பவருக்குச் சமம். பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். உடைத்த பெட்டியைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். வாங்கும் முன் திறக்கக் கூடாது, திறந்த பின் திருப்பக் கூடாது! சேருமா சேராதா என்பதை வாங்குகிறவன் எப்போதுதான் பார்ப்பது? 650 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன்.

எங்கள் மேஸ்திரி பழைய ஆள். புதுச் சாமானை அப்படியே பூட்ட மாட்டார். எண்டு வந்து உட்காருகிற நக்கிள் கையில், அதாவது சக்கரத்தைத் திருப்புகிற இரும்புக் கையில், இருந்த துளையை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தார். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து, எண்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கூம்புத் தண்டான ஸ்டட்டின் மேல் மெல்லிசாகத் தடவினார். துளைக்குள் விட்டு அழுத்தி, அரைச் சுற்றுத் திருப்பி, வெளியே எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஒரு முனையில் மட்டும், மோதிர அகலத்துக்கு, கரி அழிந்திருந்தது. மற்ற இடமெல்லாம் தடவியது தடவியபடி.

"பார்த்தாயா மக்களே, இவ்வளவுதான் தொடுகிறது. இதை நான் பூட்ட மாட்டேன்."

டேப்பர் என்பது ஸ்டட் ஒரு முனையை நோக்கிச் சிறுத்துக்கொண்டு போகிற விகிதம். 1:8 என்றால் 8 மில்லிமீட்டர் நீளத்துக்கு விட்டம் 1 மில்லிமீட்டர் குறையும். 1:10 என்றால் 10 மில்லிமீட்டருக்கு 1. துளையின் நீளம் 20 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், இரண்டுக்கும் இடையே வித்தியாசம் அரை மில்லிமீட்டர்தான். கண்ணுக்கு எங்கே தெரியும்? நட்டை முறுக்கும்போதும் தெரியாது. இறுகியது போலவே இருக்கும். ஆனால் முழு நீளமும் கவ்விப் பிடிக்க வேண்டிய ஸ்டட் ஒரு வளையத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். பாதையில் ஒவ்வொரு கல்லிலும் அது உள்ளே ஆடும். ஆடி ஆடித் துளையைத் தின்னும். ஒருநாள் நட்டு தளரும், இல்லையென்றால் ஸ்டட்டின் கழுத்து ஒடியும். அதோடு அந்த ஸ்டட்டின் விட்டமும் குறைவு. துளைக்குள் ஆழமாக இறங்கிவிட்டதால் நட்டு கழலாமல் தடுக்கிற ஸ்பிளிட் பின் போடும் ஓட்டை, நட்டின் வெட்டுகளுக்கு மேலே போய் நின்றது. அங்கே பின் போட்டால் அது எதைத் தடுக்கும்?

மறுநாள் இதையெல்லாம் கடையில் போய்ச் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் சொன்ன பதில் இன்னும் காதில் இரைகிறது.

"ஒரு வாஷர் போட்டுக்கொள்ளுங்கள், அண்ணே."

"தம்பி, வாஷர் போட்டால் நட்டுதான் உயரும். உள்ளே ஸ்டட் பிடிக்காதே."

"அப்படியென்றால் இரண்டு வாஷர் போடுங்கள்."

"இரண்டு போட்டாலும் நட்டுதானே உயரும்?"

"எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள், அண்ணே. இதுவரை ஒருவர்கூடத் திரும்பி வந்து குறை சொன்னதில்லை."

திரும்பி வந்து சொன்னதில்லை! அந்த வாக்கியத்தைக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. பேச்சிப்பாறைக்கு மேலே, ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக இருக்கிற பாதையில் ஸ்டியரிங் கழன்றவர் எப்படித் திரும்பி வந்து சொல்வார்? நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்து ஜீப் அப்படித்தான் போனது. பின்னால் ரப்பர் ஒட்டுப்பால் சாக்குகள், அவற்றின் மேல் பால்வெட்டு முடித்து இறங்கிக்கொண்டிருந்த ஆறு பெண்கள். இறக்கத்தில் டை ராடு கழன்றது. இடச் சக்கரம் ஒரு பக்கம் பார்த்தது, வலச் சக்கரம் இன்னொரு பக்கம் பார்த்தது. ஒரு ரப்பர் மரம் வண்டியைத் தாங்கி நிறுத்தியது. அந்த மரம் இரண்டடி தள்ளி நின்றிருந்தால் ஆறு வீடுகளில் ஒப்பாரி கேட்டிருக்கும். எங்கள் மேஸ்திரி அன்று வண்டியை மேலே இழுத்தவர்களில் ஒருவர். அதனால்தான் விளக்குக் கரி தடவிப் பார்க்கிறார். அதனால்தான் என்னிடம் சொன்னார், "இதைப் பூட்டிக் கொடுத்தால் நாளைக்கு உன் அம்மையிடம் நான் என்ன பதில் சொல்வது?"

வாஷராம், வாஷர்!

அந்தக் கடையிலேயே இன்னொரு பெட்டியை, மறுபடியும் பணம் கொடுத்து, வாங்கினேன். டேப்பர் சரியாக இருந்தது. கரி முழுவதும் அழிந்ததைப் பார்த்து மேஸ்திரி தலையாட்டினார். பிறகு டை ராடு குழாயில் ஏற்றிப் பார்த்தால் இரண்டு சுற்றுக்கு மேல் ஏறவில்லை. என் குழாயின் திருகு மரை 5/8 அங்குலம், அதாவது 15.875 மில்லிமீட்டர். வந்ததோ 16 மில்லிமீட்டர் மெட்ரிக் மரை. இதில் கொடுமை, அது முதலில் ஏறுகிறது! ஏறுகிறதே என்று ஸ்பானர் போட்டு முறுக்குகிற ஒரு அவசரக்காரர் கையில் கிடைத்தால் குழாயின் மரையும் சேர்ந்து நாசமாகும்.

மூன்றாவதை வடசேரிப் பக்கம் வேறொரு கடையில் வாங்கினேன். டேப்பர் சரி, அளவு சரி, ஆனால் வலது மரை, வலப்பக்கம் சுற்றினால் இறுகுவது. எனக்கு வேண்டியது இடது மரை. கேட்டபோது "இரண்டும் ஒன்றுதானே, சார்" என்றார்கள். எப்படி ஒன்றாகும்? டை ராடு குழாயின் ஒரு முனையில் வலது மரையும் மறு முனையில் இடது மரையும் இருப்பதே, குழாயைத் திருப்பினால் இரண்டு எண்டுகளும் சேர்ந்து உள்ளே வரவோ சேர்ந்து வெளியே போகவோ வேண்டும் என்பதற்காகத்தான். அப்படித்தான் முன்சக்கரங்களின் நேரை வைக்கிறோம். இரண்டும் வலது மரை என்றால் ஒன்று உள்ளே போகும், மற்றது வெளியே வரும், நீளம் மாறவே மாறாது. இது சாமான் விற்கிறவருக்குத் தெரிய வேண்டாமா?

இன்றைய நான்காவதில் "இடது" என்று அச்சடித்த தாளே ஒட்டியிருந்தது. நம்பி வந்தேன். பெட்டிக்குள் இருந்தது வலது. 2,600 ரூபாய்க்கு நான்கு இரும்புத் துண்டுகள் பட்டறைத் திண்ணையில் வரிசையாகக் கிடக்கின்றன. நான்கும் புதியவை, நான்கும் எனக்குப் பயன்படாதவை.

பட்டறைக்கு வந்த ஒருவர் துளையில் ரீமர் விட்டுப் புதுச் சாமானுக்கு ஏற்றபடி கடைந்துவிடலாமே என்று யோசனை சொன்னார். செருப்புக்காகக் காலை வெட்டச் சொல்கிறார்! இத்தனை வருடமாக ஒரு குறையும் இல்லாமல் உழைக்கிற நக்கிள் கையை, அளவு தெரியாமல் செய்த ஒரு எண்டுக்காக நான் ஏன் கெடுக்க வேண்டும்? கெடுத்தபின் சரியான சாமான் கிடைத்தால் அது சேராதே.

ஸ்டியரிங் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். ஆக்சில் பக்கம் போனால் இன்னும் வயிறு எரியும். ஆக்சிலுக்கு டானா 44 என்று ஒரே பெயர். அதன் பின் ஆக்சில் ஷாப்டில் 10 பல் உண்டு, 19 பல் உண்டு, 30 பல் உண்டு. கடையில் "டானா ஷாப்ட்" என்று கேட்டால் பல்லை எண்ணாமல் எடுத்துத் தருகிறார்கள். அருமனையில் எனக்குத் தெரிந்த ஒருவர் காயலான் கடையில் முன் ஆக்சில் ஒன்றை முழுசாக வாங்கிப் பூட்டினார். அதுவும் "அப்படியே சேரும்" என்று சொல்லி விற்றதுதான். ஸ்பிரிங்கில் உட்கார்ந்தது, பிரேக் குழாய் சேர்ந்தது, எல்லாம் சரி. ஆனால் பின் ஆக்சிலுக்குள் இருந்த பல்சக்கர ஜோடி, கிரவுன் பினியன், 43-க்கு 8 பல், முன்னால் வந்தது 39-க்கு 8. ஒன்று 5.38, மற்றது 4.88. நான்கு சக்கர ஓட்டம் போட்டதும் முன்சக்கரம் ஒரு வேகம் கேட்கிறது, பின்சக்கரம் இன்னொரு வேகம் கேட்கிறது. பழைய ஜீப்பில் இரண்டுக்கும் நடுவே விட்டுக்கொடுக்கிற டிபரென்ஷியல் கிடையாது. சேற்றில் டயர் வழுக்கிக்கொடுத்ததால் அவருக்குத் தெரியவில்லை. கெட்டித் தரைக்கு வந்ததும், முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கிற டிரான்ஸ்பர் கேஸ் முறுக்கிக்கொண்டு உடைந்தது. விற்றவர் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை.

ஒரு பேரிங்கைப் பாருங்கள். அதன் விளிம்பில் 6205 என்று பொறித்திருந்தால் உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, அகலம் 15. மார்த்தாண்டத்தில் வாங்கினாலும் அதுதான், ஜப்பானில் வாங்கினாலும் அதுதான். பேரிங் செய்கிறவர்களால் முடிகிறதே! ஒரு டை ராடு எண்டின் பெட்டியில் டேப்பர் விகிதம், அகன்ற பக்கத்து விட்டம், மரையின் அளவு, இடதா வலதா என்ற நான்கே விவரங்களை அச்சடிக்க இவர்களுக்கு என்ன கேடு? அச்சடித்ததும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனமா? கைப்பிடியோ ஹாரனோ சேராவிட்டால் போகட்டும், வீட்டில் திட்டிக்கொண்டு இருந்துவிடலாம். இது வண்டி திரும்புமா திரும்பாதா என்கிற சாமான். மலையில் இருக்கும் குடியிருப்புகளிலிருந்து பிரசவ வலியோடு இறங்குகிறவளும், காய்ச்சலில் கிடக்கிற குழந்தையும் இந்த ஜீப்பில்தான் இறங்குகிறார்கள். அவர்களுடைய உயிர் இந்த அரை மில்லிமீட்டரில் தொங்குகிறது. அதை ஒரு வாஷரால் அடைக்கச் சொல்கிறார்கள்.

நாளை மறுபடியும் போக வேண்டும். இந்த முறை மேஸ்திரியின் வெர்னியரையும், விளக்குக் கரி டப்பாவையும், நக்கிள் கையையும்கூடக் கழற்றிக் கொண்டுபோகப் போகிறேன். பெட்டியைக் கடைக்காரர் முன்னாலேயே உடைக்கப் போகிறேன். சுவரில் ஒட்டிய தாளை அவர் வாசித்துக் காட்டட்டும், நான் கேட்கப் போவதில்லை.

போவதைவிடத் திரும்பி வருவதை நினைத்தால்தான் எரிச்சல் பற்றிக்கொண்டு வருகிறது. இன்று தக்கலையில் இறங்கி, மழையில் அந்தப் பெட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, குலசேகரம் பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் நின்றேன். பஸ் வந்தது. நாங்கள் பத்துப் பதினைந்து பேர் நிறுத்தத்தில் நிற்கிறோம், எல்லோரும் கை காட்டுகிறோம். அது எங்களைத் தாண்டி ஐம்பதடி தள்ளிப் போய் நின்றது. எல்லோரும் ஓடினோம். என் பக்கத்தில் நின்ற வயதான அம்மா, ஒரு கையில் மருந்துப் பையும் மறு கையில் குடையுமாக, சேற்றில் காலை இழுத்து இழுத்து ஓடி வந்தார். படியில் ஒரு காலை வைக்கும் முன் பஸ் நகர்ந்துவிட்டது. உள்ளே இருந்து நான் கத்தினேன், இன்னும் நான்கு பேர் கத்தினார்கள், விசில் அடித்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நிறுத்தம் என்று எழுதி அங்கே ஒரு கம்பம் நட்டிருக்கிறார்களே, அது எதற்கு?