களிமண்ணைத் தொடமாட்டேன்னுட்டான்

ரெண்டு நாளா ஒரு எக்செல் ஷீட்டைத் தொறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். "இடைநின்ற, சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கான தெரபி சார்ந்த பாடத்திட்டம், மாதிரி அட்டவணை"ன்னு மேல போல்டுல போட்டு, கீழ திறன், செயல்பாடு, நிமிடம், மதிப்பீடுன்னு நாலு காலம் (column). நிமிடம்ங்கிற காலத்துலயே கை நின்னுபோச்சு. அழுதுக்கிட்டிருக்கிற புள்ளை அழுகையை நிறுத்துறதுக்கு எத்தனை நிமிடம்னு போடுறது? அதான் ஷீட்டை மூடிட்டு இங்க கொட்டுறேன், நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் இருக்கிறது செஞ்சி பக்கம் ஒரு சிறப்புப் பயிற்சி மையத்துல. கல்வி உரிமைச் சட்டம் 2009, நாலாவது பிரிவு என்ன சொல்லுதுன்னா, ஸ்கூலுக்கே வராத இல்ல பாதியில நின்ன புள்ளையை அதோட வயசுக்கேத்த வகுப்புல சேக்கணும், மத்த புள்ளைங்களுக்குச் சமமா வர்றதுக்குத் தனியா பயிற்சி குடுக்கணும். அந்தச் சட்டத்தோட விதிகள்ல குறைஞ்சது மூணு மாசம், நீட்டிச்சா ரெண்டு வருஷம் வரைக்கும்னு இருக்கு. நல்ல சட்டம்தான், குறை சொல்லல. ஆனா "சமமா"ங்கிற அந்த ஒரு வார்த்தைய புடிச்சுக்கிட்டு, பன்னெண்டு வயசுப் பையன் வந்தா மூணே மாசத்துல அஞ்சு வருஷப் பாடத்தை ஊட்டிவிடக் கிளம்பிடுறோம், அவன் ஏற்கனவே ஸ்கூல்னாலே வயித்தைக் கலக்குற நிலைமையில வந்திருக்கான்ங்கிறது யாருக்கும் ஞாபகம் இருக்கிறதில்ல.

எங்ககிட்ட வர்றதுல பாதிக்கு மேல சூளைப் புள்ளைங்க, பெரும்பாலும் இருளர் குடும்பம். பொங்கல் முடிஞ்சா அப்பா அம்மா அட்வான்ஸ் வாங்கிட்டு திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் செங்கல் சூளைக்குக் கிளம்புவாங்க, திரும்ப மழைக்குத்தான் வருவாங்க. இதுல ஒரு விஷயம் கவனிச்சிருக்கீங்களா, நம்ம சின்ன வகுப்புங்களுக்கு 2012ல இருந்து முப்பருவ முறை. ஜூன்ல முதல் பருவம், ஜனவரியில மூணாம் பருவம். அப்ப இந்தப் புள்ளைங்க வாழ்க்கையில மூணாம் பருவம்னு ஒண்ணே கிடையாது. ஒரு வருஷம் இல்ல, எல்லா வருஷமும். வருஷத்துக்கு மூணுல ஒரு பங்கு ஓட்டை, அதுக்கு மேல அடுத்த வருஷத்தைக் கட்டுறோம், அப்புறம் மூணாங்கிளாஸ்ல வந்து "இதுக்கு ஒண்ணும் ஏறமாட்டேங்குது, ஸ்பெஷல் சைல்டா இருக்கும்"னு சொல்றோம். நடுவுல கொரோனா வேற. 2020 மார்ச்ல மூடினது, ஒண்ணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் 2021 நவம்பர் 1 அன்னைக்குத்தான் தொறந்தாங்க.

உண்மையிலேயே குறைபாடு இருக்கிற புள்ளைங்களும் இருக்காங்க, இல்லைன்னு சொல்லல. எது பள்ளிக்கூடம் விட்டுப்போனதால, எது காது கண்ணால, எது டிஸ்லெக்ஸியா மாதிரி படிக்கிறதுல இருக்கிற சிக்கல்னு பிரிக்கிறதுக்கே பல மாசம் ஆவும்னு சொல்றேன். போன வருஷம் ஒரு பொண்ணு, கூப்பிட்டா திரும்பாது. அதோட பழைய ஃபைல்ல பென்சில்ல "மனவளர்ச்சி?"ன்னு கேள்விக்குறி போட்டு யாரோ எழுதி வெச்சிருந்தாங்க. ஆயா தலை சீவிவிடும்போதுதான் சொன்னாங்க, "டீச்சர், காதுல சீழ் வடியுது பாருங்க". ரெண்டு காதுலயும். ஸ்கூலுக்கு வர்ற புள்ளைக்கு வருஷத்துக்கு ஒருதடவை டாக்டர் டீம் வண்டியில வந்து பாத்துட்டுப் போவாங்க, அன்னைக்கு இது எந்தச் சூளையில இருந்துச்சோ. அந்தக் கேள்விக்குறி மட்டும் பத்திரமா ஃபைலோட வந்துடுச்சு.

சரி, தெரபிக்கு வரேன். இந்த வார்த்தையக் கேட்டாலே கலர் கலரா பந்து, ஊஞ்சல், பொம்மை வெச்ச ரூம், வாரத்துக்கு ஒருநாள் வட்டார வள மையத்துல இருந்து ஒருத்தர் வந்து செஞ்சுட்டுப் போற வேலைன்னு ஆயிடுச்சு. அவங்களைச் சொல்லி குத்தமில்ல, ஒரு ஆள் எத்தனை ஸ்கூலுக்குத்தான் ஓடுவாங்க. ஆனா வாரத்துல ஒரு மணி நேரம் தெரபி, மிச்ச நேரமெல்லாம் பழையபடி "ஏன்டா லேட்டு, நோட்டு எங்க"ன்னா எப்படிங்க?

போன வருஷம் வந்த பையன் ஒருத்தன், பதினொரு வயசு. பென்சில் பிடி வரல, விரல் சொல்பேச்சு கேக்கல. விரலுக்குப் பலம் வரணும்னா உலகம் பூரா சொல்ற முதல் மருந்து களிமண். நானும் கிட்டுல வந்த கிளேவை எடுத்து வெச்சேன். தொடல. சரி, இது பிளாஸ்டிக் வாசனை, பிடிக்கலபோலன்னு ஏரிக்கரையில இருந்து நல்ல களிமண்ணாவே கொண்டாந்து பிசைஞ்சு குடுத்தேன். கையை ரெண்டையும் தொடைக்கு அடியில வெச்சுக்கிட்டு உக்காந்துட்டான். கட்டாயப்படுத்தல, ஆனா ஏன்னும் புரியல. மத்தியானம் கை கழுவும்போது அவனே சொன்னான்: "அது வேலை மிஸ்".

சூளையில ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பிவிட்டா விடியறவரைக்கும் அம்மா கல் அறுக்க, இவன் இன்னும் சுடாத பச்சைக்கல்லைத் திருப்பித் திருப்பி காய வெக்கணும். அந்த ஈர மண்ணை நான் கொண்டுபோய் விளையாடுடா கண்ணுன்னு குடுத்திருக்கேன். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல, உண்மையாத்தான் சொல்றேன். அப்புறம் புளியங்கொட்டை, பல்லாங்குழி, துணிக்கு மாட்டுற கிளிப்புன்னு மாத்தினோம். விரல் அதுக்கும் பழகுச்சு, கொஞ்சம் லேட்டாச்சு, அவ்ளோதான்.

ஆனா அதே சூளைதான் கணக்குக்குக் கைகொடுத்துச்சு, அதுவும் நான் கொண்டுவந்ததில்ல, அவன் கொண்டுவந்தது. நூத்தி ஆறு எழுதுன்னா 1006னு எழுதுவான். இது எல்லாப் புள்ளையும் பண்றதுதான், காதுல கேக்குற மாதிரியே நூறை எழுதிட்டுப் பக்கத்துல ஆறைப் போடுறது. குச்சிக்கட்டு, மணிச்சட்டம் எல்லாம் காட்டிப் பாத்தேன், ம்ஹூம். ஒருநாள் தரையில சாக்பீஸ்ல கட்டம் கட்டமா போட்டு அவனே, "இது பத்துக் கல்லு ஒரு வரிசை, இப்படிப் பத்து வரிசை, அப்புறம் இந்தப் பக்கம் ஆறு கல்லு தனியா"ன்னு காட்டினான். ஆயிரம் கல்லுக்கு இவ்ளோன்னு கூலி வாங்குற வீட்டுப் பையன், ஆயிரம்னா எவ்ளோன்னு என்னைவிட அவனுக்கு நல்லாத் தெரியும். "நூறு போக மிச்சத்துல முழு வரிசையே இல்ல, அந்த இடத்துக்கு முட்டை போடு"ன்னு நான் சொன்னதும் 106 வந்துடுச்சு. மண்ணைத் தொட மாட்டான், ஆனா அந்தக் கணக்குல அவனுக்கு ஒரு பெருமை இருந்துச்சு. இதை எந்த ஷீட்ல எந்தக் காலத்துல போடுறதுன்னு யாராச்சும் சொல்லுங்க.

இன்னொண்ணு சாப்பாடு. 1969ல லண்டன்ல மார்ஜரி பாக்ஸால்னு ஒரு கல்வி உளவியலாளர், வகுப்புல ஒட்டாத சின்னப் புள்ளைங்களுக்குன்னு நர்ச்சர் குரூப் ஆரம்பிச்சாங்க. பத்துப் பன்னெண்டு புள்ளைங்க, ரெண்டு பெரியவங்க, எல்லாரும் ஒண்ணா உக்காந்து காலையில சாப்பிடுறது அதுல முக்கியமான வேலை. அதைப் படிச்சப்ப எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு, நம்மகிட்டதான் காலை உணவே இருக்கே! 2022 செப்டம்பர்ல மதுரையில ஆரம்பிச்சு அடுத்த வருஷம் எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்தாச்சு. என்ன, அந்த நேரத்துல நாம எமிஸ்ல, அதான் கல்வித் துறையோட ஆன்லைன் பதிவுல, அட்டென்டன்ஸ் போட்டுக்கிட்டிருப்போம். இப்ப நானும் ஆயாவும் அவங்களோடயே தட்டு வெச்சு உக்காந்துடுறோம். "இன்னும் கொஞ்சம்"னு கேக்குறது, "போதும்"னு சொல்றது, அடுத்தவனுக்கு வர்றவரைக்கும் காத்திருக்கிறது, எல்லாம் அங்கயேதான் நடக்குது. முதல் வாரம் அந்தப் பையன் கிச்சடியை நோட்டுப் பேப்பர்ல மடிச்சு டவுசர் பாக்கெட்ல வெப்பான், தங்கச்சிக்கு. எண்ணெய் ஊறி டவுசரே மஞ்சளாயிடும். நாங்க ஒரு டப்பா குடுத்தோம். அவ்ளோதான், அதுக்கப்புறம் என்னைப் பாத்துப் பேச ஆரம்பிச்சான்.

முதல் ஆறு வாரம் எங்க பாடத்திட்டம் இவ்ளோதான்: தினம் அதே வரிசை, அதே ஆள், அதே பாய். சுவத்துல படம் ஒட்டி வெச்சிருக்கோம், சாப்பாடு, கதை, வெளிய, கணக்கு, வீடுன்னு, ஒண்ணு முடிஞ்சா கிளிப்பை அடுத்த படத்துக்கு மாத்தணும், அந்தக் கிளிப்பை யார் மாத்துறதுன்னு தினமும் சண்டை நடக்கும். அடுத்து என்ன நடக்கும்னு தெரிஞ்சா பாதி பயம் போயிடுது. ஆனா பாருங்க, மேல இருந்து வர்ற உத்தரவு என்னன்னா சேந்த முதல் நாளே அடிப்படைத் தேர்வு வெச்சு மார்க்கை ஏத்தணும். ஸ்கூல்ல தோத்துப்போய் ஓடினவனுக்கு வரவேற்பே பரீட்சை. நான் மூணாவது வாரம்தான் வெப்பேன், தேதியைப் பத்தி யாரும் கேக்காதீங்க.

சின்ன வகுப்புங்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்குடுக்கிற அரசோட "எண்ணும் எழுத்தும்" திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிச்சு நடத்துறது இவங்களுக்கு ரொம்ப ஒத்துவருது, அதை மனசாரச் சொல்லணும். ஆனா ஜனவரியில கிளம்பும்போது மொட்டுல இருக்கிறவன், சூளைப் பக்கத்து ஸ்கூல்ல போய்ச் சேந்தா திரும்ப அரும்புல இருந்து. அங்க இருக்கிற டீச்சருக்கு இவனைப் பத்தி என்ன தெரியும், பாவம்.

அதனால இந்தத் தடவை அந்தப் பையன் ஃபைல்ல முதல் பக்கமா ஒரு தாள் வெச்சிருக்கேன், பிளாஸ்டிக் கவர் போட்டு, அவன் அம்மாகிட்ட பத்திரமா வெச்சுக்கச் சொல்லி. இதான் அதுல எழுதியிருக்கேன்:

"இடது கையால எழுதுவான், மாத்த வேண்டாம். கூட்டல் தெரியும், செங்கல் வரிசை போட்டுக் கேளுங்க. காலையில தூங்கினா எழுப்பாதீங்க, ரெண்டு மணிக்கே எழுந்திருச்சவன். களிமண் குடுக்காதீங்க. தங்கச்சிக்கு ஒரு டப்பா."