பைக்குல கிக்கரைப் பிடுங்கிய கம்பெனிப் புண்ணியவான்களே!

ராத்திரி நல்லா ஓடின வண்டி, காலையில பட்டனை அமுக்கினா 'டக்'. அவ்வளவுதான்! பேட்டரி 12.6 வோல்ட் காட்டணும். 12-க்குக் கீழ இறங்கினா ரிலே (ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கரண்டு விடுற சுவிட்சு) மட்டும் டக்குடக்குங்கும், மோட்டார் சுத்தாது. கிக்கர் இருந்தா ஒரே உதை. இப்ப? இரண்டாவது கியர் போட்டு, கிளட்சைப் பிடிச்சுத் தள்ளு, வேகம் வந்ததும் விடு. பேட்டரி அடியோட செத்திருந்தா அதுவும் போச்சு. இன்ஜெக்‌ஷன் வண்டியில (பெட்ரோலை கரண்டு பம்பு வச்சுப் பீய்ச்சுற ரகம்) பெட்ரோல் பம்பே ஓடாது, வேர்வைதான் மிச்சம்.

சத்தமே வரலையா? இன்ஜினை நிறுத்துற கில் சுவிட்சை எந்தப் பொடியன் அமுக்கினானோ! ஸ்டாண்டு போட்டிருந்தா வண்டியைக் கிளம்பவிடாத சைடு ஸ்டாண்டு சுவிட்சுல கொஞ்சம் சேறு போதும், லட்ச ரூபாய் வண்டி படுத்துக்கும். இதுல வேடிக்கை பாக்குற அண்ணாச்சி வேற: "பெட்ரோல் இருக்கா தம்பி?" ஏன், மோர்லயா ஓடுது இது?