விருது மட்டும் காப்பாற்றிவிடுமா?
சர்வதேச விருது கிடைத்துவிட்டால் மனித உரிமை வழக்கறிஞர் மேல் கை வைக்க அரசுகள் தயங்கும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ஈரானின் மனித உரிமை வழக்கறிஞர் நஸ்ரின் சொதூதே விஷயத்தில் அப்படி நடக்கவில்லையே. 2012 அக்டோபரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் மனித உரிமைக்கான சகாரவ் விருதை அவருக்கு அறிவித்தபோது அவர் டெஹ்ரானின் எவின் சிறைக்குள் உண்ணாவிரதத்தில் இருந்தார். தன் விடுதலைக்காக அல்ல, 12 வயது மகள் மீது போட்டிருந்த பயணத் தடையை நீக்கச் சொல்லி! பிள்ளையைக் கூட விட்டுவைக்கவில்லை பாருங்கள். 49 நாள் பட்டினி கிடந்த பிறகுதான் அந்தத் தடை விலகியது. 2013இல் வெளியே விட்டார்கள். சரி, அதில் விருதுக்கும் பங்கு இருந்திருக்கலாம். ஆனால் பொது இடத்தில் முக்காட்டைக் கழற்றிய பெண்களுக்காக வாதாடிய அவரை 2018இல் மறுபடி பிடித்தார்கள். 38 ஆண்டு சிறை, 148 கசையடி என்று தீர்ப்பு வந்ததை அவர் கணவர்தான் வெளியே சொன்னார். விருது கொடுப்பவர்கள் மேடையோடு நிறுத்தாமல், விருது பெற்றவர் சிறைக்குள் இருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்த அரசிடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அவர் குடும்பத்தைப் பற்றியும் சேர்த்து.