ஏழு தலைமுறை நினைவாம்!

ஒரு சிறுமி மேடையில் வயலின் வாசிக்கும் அந்தக் காணொலியை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். அதற்குக் கீழே நான் எழுதியதையும், அதற்காக எனக்குக் கிடைத்த அர்ச்சனையையும் பார்த்திருப்பீர்கள். ஆகவே முன்கதை வேண்டாம்.

அந்தச் சிறுமியின் வாசிப்பில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அபாரமாக வாசித்தாள். என் எரிச்சலெல்லாம் வாசிப்பு முடிந்ததும் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டவர் மேல்தான். "இதை இவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஏழு தலைமுறை நினைவு இவள் ரத்தத்தில் இருக்கிறது. மனித குலத்தின் கூட்டுப் பிரக்ஞை இந்த விரல்கள் வழியாகப் பேசுகிறது" என்றார். அரங்கம் அதிரக் கைதட்டல். அந்த நேரத்தில் மேடையோரம் வயலின் பெட்டியைப் பிடித்தபடி ஒரு பெண் நின்றிருந்தாரே, கவனித்தீர்களா? அவர்தான் அந்தக் குழந்தையின் ஆசிரியர். "யாரும்" என்ற கணக்கில் அவரும் சேர்ந்துவிட்டார்.

நான் சொன்னது இவ்வளவுதான்: அறிவு ரத்தத்தில் வருவதில்லை, கற்றுக்கொடுப்பதால் வருகிறது. இதற்கு எனக்குக் கிடைத்த பட்டங்கள்: அறிவியல் திமிர் பிடித்தவர், ஆன்மா இல்லாதவர், குழந்தையின் வளர்ச்சியைப் பொறுக்காதவர். கடைசிப் பட்டத்துக்குத் தனியாக நன்றி.

சரி, எலிகளுக்கு வருவோம். நினைவு பரம்பரையில் வரும் என்பதற்குச் சான்றாகப் பாதிப் பேர் எனக்கு ஓர் எலி ஆய்வைத்தான் அனுப்பியிருக்கிறீர்கள். டயஸ், ரெஸ்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்டது. அசிட்டோபினோன் என்ற வாசனையை நுகரச் செய்து, கூடவே காலில் லேசான மின்னதிர்ச்சி கொடுத்து ஆண் எலிகளைப் பழக்கினார்கள். அந்த வாசனையையே அறியாத குட்டிகளும், அவற்றின் குட்டிகளும் அதே வாசனைக்குக் கூடுதலாகத் திடுக்கிட்டன. முக்கியமான ஆய்வு, மறுக்கவில்லை. அதன் புள்ளிவிவரங்கள் நம்ப முடியாத அளவுக்குக் கச்சிதமாக இருக்கின்றன என்று கேள்வி எழுப்பியவர்களும் உண்டு, அதை விட்டுவிடுகிறேன். முழுவதும் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். பேரக்குட்டிக்கு என்ன வந்தது? ஒரு திடுக்கிடல். தாத்தாவுக்கு எந்தக் கூண்டில், எந்த நாளில், என்ன நடந்தது என்ற நினைவு வந்ததா? ஒரு வாசனைக்கு உடல் துள்ளுவதற்கும், இருபது நிமிட இசையை வில் பிசகாமல் வாசிப்பதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தை எந்த எலி கடந்தது?

நெதர்லாந்துப் பஞ்சமும் அப்படித்தான். 1944-45 குளிர்காலத்தில் பட்டினி கிடந்த தாய்மாரின் வயிற்றில் இருந்தவர்களின் மரபணுக்களில், சுமார் அறுபது ஆண்டுகள் கழித்தும் ஒரு வேதித்தடம் தெரிந்தது. அந்தப் பட்டினியை அந்தக் கருக்களும் நேரடியாகவே அனுபவித்தன. வந்தது பாதிப்பு. அதை "அறிவு" என்று எப்படி அழைக்கிறீர்கள்?

அடுத்து "நூறாவது குரங்கு" என்ற கதை. இதை அனுப்பியவர் நான் மதிக்கும் ஒரு நண்பர், அதனால்தான் வருத்தம் கூடுதல். ஜப்பானின் கோஷிமா தீவில் 1953இல் இமோ என்ற இளம் பெண் குரங்கு சர்க்கரைவள்ளிக் கிழங்கை நீரில் கழுவித் தின்னத் தொடங்கியது உண்மை. குறிப்பிட்ட எண்ணிக்கையை எட்டியதும் அந்தப் பழக்கம் கடல் தாண்டி மற்றத் தீவுகளின் குரங்குகளுக்குத் தானாகவே "பரவியது" என்பது 1979இல் லயல் வாட்சன் என்ற எழுத்தாளர் எழுதிய கதை. விவரங்களை இட்டுக்கட்ட வேண்டியிருந்தது என்று அவரே அதே இடத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்! உண்மையில் களத்தில் இருந்த ஆய்வாளர்கள் பதிவு செய்தது இதைவிட அழகானது. பழக்கம் முதலில் இமோவின் விளையாட்டுத் தோழர்களுக்கும் தாய்க்கும் போனது. பிறகு தாய்மாரிடமிருந்து குட்டிகளுக்கு. 1958 வரை வளர்ந்த குரங்குகள் பதினொன்றில் இரண்டுதான் கற்றிருந்தன. பக்கத்தில் இருந்து பார்த்தவை கற்றன, மற்றவை கற்கவில்லை. கூட்டுப் பிரக்ஞை வயதான குரங்குகளுக்கு மட்டும் விடுமுறை விட்டிருந்ததா?

"யுங் பெரிய அறிஞர், அவரே சொல்லியிருக்கிறார்" என்பவர்களுக்கு: உளவியலாளரான அவர் பேசியது கூட்டு நனவிலியைப் பற்றி, அதாவது மனிதர் எல்லாருக்கும் பொதுவான, நாம் உணராத மன அடுக்கைப் பற்றி. வழிவழியாக வருவது வெறும் வடிவம், உள்ளடக்கம் அல்ல என்று அவரே திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். கூட்டுப் பிரக்ஞை என்பது 1893இல் சமூகவியலாளர் துர்கைம் சொன்னது. ஒரு சமூகத்தின் பொதுவான நம்பிக்கைகளையும் உணர்வுகளையும்தான் அவர் அப்படி அழைத்தார். ரத்தத்தில் ஓடும் வயலினைப் பற்றி இருவரும் பேசவில்லை. டார்வினுக்கும் வாலஸுக்கும் இயற்கைத் தேர்வு என்ற ஒரே எண்ணம் தனித்தனியே தோன்றியதே என்கிறீர்கள். மக்கள்தொகைப் பெருக்கத்தைப் பற்றி மால்தஸ் எழுதியதை இருவருமே படித்திருந்தார்கள். முடிந்தது.

"மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா?" வேண்டாம். வயலின் வாசிக்கும் மீன் இருந்தால் சொல்லுங்கள், என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்.

கொஞ்சம் நியாயமாகவும் பேசிவிடுகிறேன், இல்லையென்றால் அதற்கும் திட்டு விழும். பிறந்த குழந்தை விரலைப் பற்றும், பால் உறிஞ்சும், யாரும் சொல்லித்தருவதில்லை. நுண்ணிய செவி, விரலின் வாகு, எளிதில் பிடித்துக்கொள்ளும் தன்மை எல்லாம் பரம்பரையில் வரலாம். ஆய்வகத்தில் வளர்ந்த ரீசஸ் குரங்குகள் பாம்பைக் கண்டு பயப்படவில்லை. வேறொரு குரங்கு பயப்படுவதைப் பார்த்ததும் சட்டென்று கற்றுக்கொண்டன. ஆனால் பூவைக் கண்டு பயப்பட அதே முறையில் அவற்றைப் பழக்க முடியவில்லை. ஆகவே ஆயத்தம் பிறப்பிலேயே இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பயத்தைக்கூட ஒருவர் காட்டித்தர வேண்டியிருந்தது என்பதையும் நீங்கள் ஒப்புக்கொள்ளுங்கள்.

ரத்தத்தில் அறிவு இருந்தால் அது தொலைந்தே போகாதே! எகிப்தியச் சித்திர எழுத்தில் நமக்குத் தேதியுடன் கிடைத்திருக்கும் கடைசிக் கல்வெட்டு கி.பி. 394ஐச் சேர்ந்தது. அதன்பின் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அற்றுப்போனார்கள். 1822இல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் படித்துக்காட்டும்வரை உலகில் ஒருவராலும் அதைச் சரியாகப் படிக்க முடியவில்லை. அந்த எழுத்தைச் செதுக்கியவர்களின் வழித்தோன்றல்கள் அதே நைல் கரையில்தான் அத்தனை நூற்றாண்டுகளும் வாழ்ந்தார்கள். ரத்தம் ஏன் வாய் திறக்கவில்லை?

இன்னொன்று, இதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கும். வடமேற்குக் கிரீன்லாந்தின் இனுவிட் பழங்குடி மக்களிடையே 1820களில் ஒரு கொள்ளைநோய் வந்து, விவரம் தெரிந்த மூத்தவர்கள் பலர் இறந்துபோனார்கள். அவர்களோடு கயாக் படகு கட்டும் வித்தையும், வில் செய்யும் வித்தையும், மீன் ஈட்டி செய்யும் வித்தையும் போயின. பிழைத்திருந்தவர்கள் அதே பரம்பரை, அதே ரத்தம், அதே பனி. பல பத்தாண்டுகள் அவை இல்லாமலேயே வாழ்ந்தார்கள். 1860களில் வேறிடத்திலிருந்து வந்து சேர்ந்த இன்னொரு இனுவிட் கூட்டம் கற்றுக்கொடுத்த பிறகுதான் அவை மீண்டும் வந்தன. கற்றுக்கொடுத்த பிறகு. இந்தச் சொல்லை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன்.

"இதில் உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்? ஒரு பாராட்டுப் பேச்சுதானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்கிறேன்.

என்னை வளர்த்தவர் என்னைப் பெற்றவர் அல்ல. என்னைப் பெற்ற தந்தை கணக்கில் புலி என்று பெயரெடுத்தவராம். எனக்கு நினைவு தெரியும் முன்பே போய்விட்டார். எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்னை வளர்த்த அம்மா. அவர் பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர். எனக்குச் சொல்லித்தருவதற்காகவே என் பாடப்புத்தகத்தை நான் தூங்கிய பிறகு எடுத்துப் படித்தார் என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. தவறாகச் சொன்னால் திட்டமாட்டார். மறுநாள் காலை கண் விழித்ததும் முதல் கேள்வியாக அதையே கேட்பார். நான் பரிசு வாங்கி வந்த அன்று வீடு நிறைய உறவினர்கள். "ரத்தம் சும்மா விடுமா, அப்படியே அவன்தான்!" என்றார்கள், அம்மாவின் எதிரிலேயே. அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பை வரவழைத்தவர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

"உங்கள் சொந்த வருத்தத்தை அறிவியலாக்குகிறீர்கள்" என்று உடனே வருவீர்கள். வாருங்கள். உங்கள் "ரத்தப் பேச்சு" எங்கே போய் நின்றது என்றும் பார்த்துவிடுவோம். 1869இல் பிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கில அறிஞர் நீதிபதிகள், அரசியல் தலைவர்கள், அறிஞர்கள் ஆகியோரின் குடும்பங்களைப் பட்டியலிட்டு, மேதைமை பரம்பரைச் சொத்து என்று நிறுவப் பார்த்தார். நீதிபதியின் மகன் நீதிபதியின் வீட்டில், அவர் நூலகத்தில், அவர் நண்பர்கள் நடுவில் வளர்ந்தான் என்பதற்கு அவர் போதிய மதிப்புத் தரவில்லை. மனிதப் பரம்பரையை "மேம்படுத்தும்" திட்டத்துக்கு 1883இல் யூஜெனிக்ஸ் என்று பெயரும் வைத்தார். அந்தப் பெயரைச் சொல்லி இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் மட்டும் 60,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்தார்கள். இவர்களின் ரத்தம் சரியில்லை என்றார்கள். ஒரு குழந்தையிடம் "உன் ரத்தத்தில் இருக்கிறது" என்று சொல்லும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு என்ன சொல்கிறீர்கள் என்று ஒரு கணம் யோசித்தீர்களா? தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூட வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு உங்கள் கூட்டுப் பிரக்ஞை எதை வைத்திருக்கிறது?

அந்தக் காணொலியின் கீழ் உள்ள என் கருத்தை நீக்கிவிடும்படி தனிச் செய்தியில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். நீக்கமாட்டேன். இந்தப் பதிவைப் பொதுவில்தான் வைக்கிறேன். என் உறவினர்கள் பலர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார்கள், அம்மாவும் இருக்கிறார். படிக்கட்டும்.