வலி குறைவது வேறு, குருத்தெலும்பு வளர்வது வேறு

அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முழங்காலில் ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொண்ட அம்மையார் படியேறிக் காட்ட, "தேய்ந்த மூட்டு மறுபடி வளர்ந்துவிட்டது" என்று மருத்துவர் புன்னகைக்கிறார். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வளர்ந்ததைக் காட்டும் ஸ்கேன் எங்கே? அதற்குள் நான் அறிவியலின் எதிரியாகிவிட்டேன். மகிழ்ச்சி.

வலி குறைவது வேறு, குருத்தெலும்பு வளர்வது வேறு. மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான உறையான குருத்தெலும்புக்கு இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. ஆகவே அது தேயத் தொடங்கும்போது நமக்குத் தெரிவதில்லை, தேய்ந்தபின் எளிதில் ஆறுவதுமில்லை. இந்த ஊசிகளில் பேசப்படும், எலும்பு மஜ்ஜை போன்றவற்றிலிருந்து எடுக்கும் செல்களுக்கு 'மீசன்கைமல் ஸ்டெம் செல்' என்று 1991இல் பெயர் சூட்டிய அமெரிக்க ஆய்வாளர் ஆர்னால்ட் கேப்லனே, இவை புதுத் திசுவாக மாறி அல்ல, சில பொருள்களைச் சுரந்தே வேலை செய்கின்றன, எனவே பெயரை மாற்றுங்கள் என்று 2017இல் எழுதினார். விளம்பரம் எழுதுவோருக்கு அந்தச் சேதி இன்னும் எட்டவில்லை போலும்.

"எனக்குக் குணமாயிற்றே" என்கிறீர்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை ஆய்வொன்றில், இரு முழங்காலிலும் வலியுள்ள 25 பேருக்கு ஒரு காலில் எலும்பு மஜ்ஜைச் செறிவும் (அவரவர் மஜ்ஜையை எடுத்துச் செல்கள் செறிவாக இருக்கும்படி பிரித்த திரவம்) மறு காலில் வெறும் உப்புநீரும் செலுத்தினார்கள். இரண்டு கால்களிலும் வலி ஒன்றுபோலவே குறைந்தது. 2023இல் வெளியான, 475 பேரைக் கொண்ட ஆய்விலும் மூன்று வகைச் செல் ஊசிகளில் ஒன்றுகூட ஓராண்டு முடிவில், மூட்டு வலிக்கு வழக்கமாகப் போடும் ஸ்டீராய்டு ஊசியை விஞ்சவில்லை.

"நீ என்ன மருத்துவரா?" இல்லை.

"அப்படியென்றால் ஆராய்ச்சியே கூடாதா?" தாராளமாக நடக்கட்டும். ஆனால் ஆராய்ச்சியை ஆராய்ச்சி என்று சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். குணமாகிவிடும் என்று சொல்லிப் பணம் வாங்காதீர்கள்.

இவ்வளவு கோபம் எதற்கு என்பவர்களுக்காகச் சொல்கிறேன். என் அம்மாவும் இதே சிகிச்சைக்காகக் குப்புறப் படுத்து, மஜ்ஜை எடுக்க இடுப்பெலும்பில் ஊசி இறங்கியபோது என் விரலை நெரித்தபடி கிடந்தவர்தான். முதல் மூன்று மாதம் நன்றாகவே நடந்தார். உறவினர்களுக்கெல்லாம் பெருமையாகச் சொன்னவனும் நான்தான், அதை மறைக்கவில்லை. எட்டாம் மாதம் மறுபடி சுவரைப் பிடித்து நடந்தார். குருத்தெலும்பு வளர்ந்திருந்தால் எக்ஸ்ரேயில் எலும்புகளுக்கிடையே இருந்த இடைவெளி கூடியிருக்க வேண்டும்; கொஞ்சமும் கூடவில்லை. ஊசி போட்ட இடத்தில் போய்க் கேட்டபோது, "பயிற்சியை ஒழுங்காகச் செய்திருக்க மாட்டார்" என்றார்கள். நன்றாக நடந்தபோது புகழ் செல்லுக்கு; நடக்க முடியாதபோது பழி அம்மாவுக்கு.

அவரும் அதை நம்பிவிட்டார். இப்போதும் நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டி மடக்கும்போது, அடுத்த அறையிலிருக்கும் எனக்குக் கேட்கட்டும் என்று எண்ணிக்கையை உரக்கச் சொல்கிறார்.