எந்த ஜங்ஷன்?

திருநெல்வேலியில் பஸ் ஏறி "ஜங்ஷன் ஒண்ணு" என்று டிக்கெட் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு ரயிலோடு எந்த வேலையும் இருக்காது. துணி எடுக்கப் போவார்கள், டாக்டரைப் பார்க்கப் போவார்கள். டவுன், பாளை, பேட்டை, மேலப்பாளையம் போல ஜங்ஷனும் அங்கே ஓர் ஏரியாவின் பெயர். திருச்சியிலும் சேலத்திலும் இதே கதைதான். சேலத்து ஜங்ஷன் இருப்பது சூரமங்கலத்தில்.

இன்னும் தெற்கே நாகர்கோவிலுக்குப் போனால் நிலைமை முற்றிவிடும். முதலில் திருவிதாங்கூராகவும் பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியாகவும் இருந்த மண் அது. கேரளத்து வழக்கப்படி நாலு ரோடு கூடி ஒரு டீக்கடை இருந்தாலே ஜங்ஷன்தான். செட்டிகுளம் ஜங்ஷன் என்பார்கள், அங்கே தண்டவாளத்தைத் தேடிப் பயனில்லை. வெளியூர்க்காரர் பஸ்ஸில் "ஜங்ஷன்ல இறக்கி விடுங்கண்ணே" என்றால், "எந்த ஜங்ஷன்?" என்று கேள்வி வருவது நியாயமே.

இதெல்லாம் எனக்குப் பிடித்திருக்கிறது. மக்கள் ஒரு சொல்லை எடுத்துத் தங்கள் வசதிக்குப் புழங்கட்டும். எரிச்சல் வருவது வேறு இடத்தில். "எங்க ஊரு ஜங்ஷன், உங்க ஊரு வெறும் ஸ்டேஷன்" என்று பின்னூட்டங்களில் நடக்கும் சண்டை இருக்கிறதே, அங்கே.

ஜங்ஷன் என்பது பட்டமல்ல. குறைந்தது மூன்று திசைக்குத் தண்டவாளம் பிரிந்தால் அது ஜங்ஷன், அவ்வளவுதான். ஊரின் பெருமைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. கும்பகோணம் எத்தனை பெரிய ஊர்! ஆனால் அது ஜங்ஷன் இல்லை. சுற்றிலும் கரிசல் காடாகக் கிடக்கும் மணியாச்சியோ ஜங்ஷன், தூத்துக்குடிப் பாதை பிரிவது அங்கேதான். கோவைக்காரர்கள் அடிக்க வரக்கூடாது, கறாராகப் பார்த்தால் கோயம்புத்தூர் ஜங்ஷனில் இருந்து வண்டி போவது இரண்டே பக்கம்தான். மேட்டுப்பாளையம் பாதை பிரிவது வடகோவையில். பாலக்காடும் பொள்ளாச்சியும் பிரிவது போத்தனூரில். விழுப்புரம்தான் அசல் ஜங்ஷன்: சென்னை, புதுச்சேரி, காட்பாடி, விருத்தாசலம் வழியாகத் திருச்சி, மயிலாடுதுறை வழியாகத் தஞ்சாவூர் என்று ஐந்து பக்கம். (இதில் மயிலாடுதுறைப் பாதைக்குத்தான் இன்றும் 'மெயின் லைன்' என்று பெயர். பெரும்பாலான வண்டிகளோ விருத்தாசலம் வழியான குறுக்குப் பாதையில், அதாவது கார்டு (chord) லைனில் போகின்றன.)

சரி, பாதை பிரிந்தால் மட்டும் போதுமா? என்னைக் கேட்டால், ஒரு வண்டியில் வந்தவன் இறங்கி இன்னொரு வண்டியில் ஏறிப் போக முடிகிற இடம்தான் ஜங்ஷன்.

இதற்கு மணியாச்சியை விட்டால் வேறு சாட்சி கிடையாது. 1911 ஜூன் 17 அன்று வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது அங்கேதான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஏன் மணியாச்சி? திருநெல்வேலியிலிருந்து கொடைக்கானலுக்குக் கிளம்பிய ஆஷ், தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயிலுக்காகத் தன் பெட்டியில் உட்கார்ந்து காத்திருந்தார். பாம்பன் பாலம் வராத காலம். கொழும்புக் கப்பலில் வந்தவர்கள் தூத்துக்குடியில் இறங்கித்தான் மெட்ராஸ் வண்டி பிடிக்க வேண்டும். அந்த வண்டியோடு திருநெல்வேலி வண்டி மணியாச்சியில் சேர வேண்டும். கலெக்டரானாலும் அங்கே நின்றுதான் போக வேண்டும். வாஞ்சிக்குக் கிடைத்தது அந்தச் சில நிமிடங்கள்தான்.

இந்தச் சேர்ப்பு வேலை சமீபகாலம் வரை நடந்தது. சென்னையிலிருந்து வரும் குருவாயூர் எக்ஸ்பிரஸில் தூத்துக்குடிப் பெட்டிகள் சில இருக்கும். மணியாச்சியில் அவற்றைக் கழற்றி வேறு இன்ஜின் மாட்டி அனுப்புவார்கள். தூங்குகிறவர் எழுந்திருக்கக்கூட வேண்டாம். கொரோனாவுக்குப் பிறகு அந்த ஏற்பாடு நின்றுபோனது. ரயில்வே பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. ஷண்டிங் என்றால் ஆள் வேண்டும், இன்ஜின் வேண்டும், பிரேக் சோதிக்க வேண்டும். அதுவரை பிளாட்பாரம் அடைபட்டுக் கிடக்கும், பின்னால் வருகிற வண்டி அவுட்டரில் நிற்கும். வேகத்தைக் கூட்டு என்று எல்லோரும் கத்தும்போது முதலில் வெட்டுப்படுவது இப்படிப்பட்ட நிமிடங்கள்தான்.

ஆனால் பெட்டியை நிறுத்தியாயிற்று என்றால் கனெக்ஷன் வண்டியையாவது ஒழுங்காகக் கொடுக்க வேண்டாமா? கிளைப் பாதையில் ஓடும் பாசஞ்சர்களுக்கு நேரம் குறிக்கும்போது, மெயின் வண்டி எப்போது வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மெயின் வண்டி கால் மணி நேரம் தாமதமென்றால் பாசஞ்சரைப் பிடித்து வைக்கலாமா கூடாதா என்று முடிவெடுக்கும் உரிமை யாரிடமாவது இருக்க வேண்டும். பாலங்களுக்கும் புதுக் கட்டடங்களுக்கும் ஆகிற செலவோடு பார்த்தால் இதற்கு ஆவது ஒன்றுமே இல்லை.

புது வண்டி கேட்டும் கூடுதல் ஸ்டாப்பிங் கேட்டும் மனு கொடுக்கிற பயணிகள் சங்கங்கள் இதையும் ஒரு வரி சேர்த்து எழுதலாம். கழற்றி மாட்ட நேரமில்லையா, சரி. மூட்டையைத் தூக்கிக்கொண்டு நாங்களே இறங்கி எதிர் பிளாட்பாரத்துக்கு வந்துவிடுகிறோம். அங்கே வண்டி நின்றால் போதும்.